முட்டை, லாரி, மூளை
(நாமக்கல்லில் நடைபெற்ற ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் பலர் நெடுஞ்சாலையைக் கடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். தூரத்தில் ஒரு லாரி வருகிறது. அதன் நிறம், வேகம், தொலைவு மூன்றும் உடனே தெரிய வேண்டும். இதைக் கண் மட்டும் செய்வதில்லை. விழித்திரையில் விழும் செய்தி பார்வை நரம்பு வழியாகத் தலாமஸை அடைந்து, பெருமூளையின் பின்பகுதிக்குப் போகிறது. அங்கிருந்து நிறத்தைப் பெரும்பாலும் ஒரு பகுதியும், அசைவை வேறொரு பகுதியும் ஆராய்கின்றன. ஆழத்தை அறிய, இரு கண்களின் படங்களுக்கு இடையே உள்ள சிறு வேறுபாட்டை மூளை ஒப்பிடுகிறது.

ஜெர்மன் ஆய்வாளர்கள் 1983இல் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார்கள். மூளை பாதிக்கப்பட்ட அவருக்கு நிறம் தெரிந்தது, பொருள்கள் தெரிந்தன. அசைவு மட்டும் தெரியவில்லை. கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்து நிற்பதுபோல் இருந்ததாம். தூரத்தில் கண்ட கார் திடீரென்று பக்கத்தில் நின்றதாம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன், நிழலைக் கொண்டு மூளை வடிவத்தை அறியும் விதத்தை 1988இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார். வகுப்பிலேயே இதைச் செய்து பார்க்கலாம். சாம்பல் நிறத் தாளில் ஒரு வட்டம் வரையுங்கள். மேற்பக்கம் வெள்ளையாகவும், கீழே வரவரக் கருமையாகவும் தீட்டுங்கள். சத்துணவு முட்டைபோல் புடைத்துத் தெரியும். தாளைத் தலைகீழாகத் திருப்பினால், முட்டை வைக்கும் அட்டையின் குழிபோல் தெரியும். ஒளி மேலிருந்து வரும் என்று மூளை எடுத்துக்கொள்வதே காரணம்.

இவற்றில் பலவற்றை மூளை இளம் வயதில் பழகிக்கொள்கிறது. ஒரு கண்ணிலிருந்து தெளிவான படம் வராவிட்டால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கத் தொடங்குகிறது. இதையே ‘சோம்பேறிக் கண்’ என்கிறோம். இளம் வயதுப் பார்வை அனுபவம் மூளையை எப்படி அமைக்கிறது என்று காட்டிய ஹியூபெல், வீசல் இருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மற்றொரு கண் நன்றாகத் தெரிவதால் பிள்ளை குறை சொல்லாது. பந்தைத் தவறவிடும், படியில் தடுமாறும். நாமோ ‘கவனமில்லை’ என்று திட்டிவிடுவோம்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கண் பரிசோதனையின்போது ஒவ்வொரு கண்ணாக மறைத்துப் பாருங்கள். ஒரு கண்ணை மறைக்கும்போது மட்டும் பிள்ளை எழுத்துகளைப் படிக்கத் திணறினால், அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்கு உடனே அனுப்புங்கள். கண்ணாடியாலும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிவைக்கும் சிகிச்சையாலும் பார்வையை மீட்க முடியும். ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அந்த வயதில் பிள்ளைகள் நம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில்தான் இருக்கிறார்கள்.