ஒரு மாத முதல்வரும் ஒரு நிலச் சட்டமும்

தெற்கு ஆஸ்திரேலியக் குடியேற்ற நாட்டுக்கு ராபர்ட் ரிச்சர்ட் டாரன்ஸ் முதல்வராக இருந்தது 1857 செப்டம்பர் ஒரு மாதம்தான். ஆனால் ஓர் அரசியல்வாதியை எடைபோட, பதவியில் எத்தனை நாள் இருந்தார் என்பதைவிட எதற்காகப் பதவியை விட்டார் என்பதே சரியான அளவுகோல் என்பது என் துணிபு. 1858 ஜனவரியில் அவருடைய நிலவுடைமைச் சட்டம் நிறைவேறியது. அதைத் தாமே நடத்திக் காட்டுவதற்காகச் சட்டமன்ற இடத்தைத் துறந்து, பதிவுத்துறைத் தலைவர் நாற்காலியில் போய் அமர்ந்தார்.

அதுவரை அங்கே இங்கிலாந்து வழக்கமே செல்லுபடியானது. நிலம் வாங்குகிறவர் விற்பவரின் கிரயப் பத்திரம், அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று துருவிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒன்று பழுதென்றால் காசு கொடுத்தவருக்கு நிலம் நிலைக்காது. மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் தேடி அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டாரன்ஸ் சுங்க அதிகாரியாக இருந்தவர். கப்பல் பங்குகள் பதிவேட்டு வழியாகவே கைமாறுவதைக் கண்டவர். நிலத்துக்கும் அதையே செய்தார். ஒவ்வொரு மனைக்கும் அரசுப் பதிவேட்டில் ஒரு தாள், அதன் இணைப்படி உரிமையாளர் கையில். அடமானம் வைத்தால் அந்தத் தாளிலேயே குறிப்பு ஏறும். மோசடி இல்லாதவரை, அதில் பெயர் உள்ளவரே உரிமையாளர். பதிவால் ஒருவர் நிலத்தை இழக்க நேர்ந்தால் ஈடுகட்ட ஒரு நிதியும் உண்டு.

இந்தச் சட்டத்தின் மூளை அவருடையதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஹாம்பர்க் நிலப்பதிவு முறையை அறிந்த ஜெர்மானியச் சட்ட அறிஞர் உல்ரிச் ஹூபேயின் பங்கை மறைப்பது பெரிய அநீதி. ஆனால் நல்ல யோசனை ஏட்டில் கிடப்பதற்கும் நாட்டில் நடப்பதற்கும் இடையே உள்ள தூரத்தைக் கடப்பதுதான் அரசியல். பத்திரம் எழுதிப் பிழைத்த வழக்கறிஞர்கள் எதிர்த்தார்கள். இங்கிலாந்துச் சட்டத்துக்கு முரண் என்று நீதிபதி பூத்பி இதைச் சாடினார். இதுபோன்ற அவரது தீர்ப்புகள் கிளப்பிய குழப்பத்தைத் தீர்க்க 1865இல் லண்டன் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அதற்குள் 1861இல் குவீன்ஸ்லாந்தும் 1862இல் விக்டோரியாவும் இந்த முறையை எடுத்துக்கொண்டன.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு சமவெளி கவுர்னா பழங்குடி மக்களின் மண். 1836ஆம் ஆண்டின் அரச சாசனமே அவர்கள் தங்கள் நிலத்தை அனுபவிக்கும் உரிமைக்குக் காப்பு கூறியிருந்தது. குடியேறியவர்கள் அதை மதிக்கவில்லை. நிலத்தைப் பறித்தது டாரன்ஸின் சட்டம் அன்று, அதற்கு முன்பே அது பறிபோயிருந்தது என்று வாதாடலாம். அது உண்மைதான், ஆனால் போதாது. பின்னோக்கிப் பார்க்க வேண்டாம் என்பதே இந்தச் சட்டத்தின் சிறப்பு. வாங்குபவரின் கவலையைத் தீர்த்த அதே விதி, பறித்த நிலத்துக்கும் கேள்வி கேட்க முடியாத சான்றிதழைக் கொடுத்தது. டாரன்ஸின் சாதனையைப் போற்றும் நான் இதையும் அவர் கணக்கிலேயே எழுதுகிறேன். 2018இல் நீதிமன்றம் கவுர்னா மக்களின் பூர்வீக உரிமையை ஏற்றபோது, தனியாருக்கு முழு உரிமையாக அரசு என்றோ கொடுத்துவிட்ட மனைகள் அதில் சேரவில்லை.