பூட்டு சாவி தோற்ற பிறகு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு வரவு வாசிச்சாச்சு. கடன் மனுக்களை எடுப்பதற்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம் கொடுங்க. நம்ம ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததிலிருந்து, எந்தக் குழுவுக்குப் போனாலும் தேர்தல் பேச்சு வராமல் கூட்டம் முடிந்ததில்லை. அதனால் 2019-ல் நாங்க தோற்ற கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது. ஜெயித்த கதையைச் சொல்ல நிறையப் பேர் இருக்காங்க.

எங்க ஊருக்கு இரண்டாம் கட்டம், டிசம்பர் 30-ந் தேதி ஓட்டுப்பதிவு. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கீடு. எங்க குழு ஊக்குநர் அக்கா நின்றார். டெபாசிட் 600 ரூபாய். ஆளுக்குப் பத்து, இருபது என்று சொந்தக் காசைப் போட்டோம். குழுப் பணத்தில் ஒரு ரூபாய் தொடவில்லை, நோட்டைப் பார்த்துக்கலாம். எங்க நிறுவனம் யாருக்கும் ஓட்டுக் கேட்காது. நாங்க ஊர்க்காரர்களாக, வாக்காளர்களாகத்தான் போனோம். சின்னம் பூட்டு சாவி. எதிரில் நின்றவரும் பெண்தான். ஆனால் வீடு வீடாக வந்து கும்பிட்டது அவர் வீட்டுக்காரர்.

2020 ஜனவரி 2-ந் தேதி எண்ணிக்கை. ஓட்டுப்பெட்டியைத் திறந்து நாலு கலர் சீட்டையும் முதலில் பிரிக்கணும், அப்புறம்தான் எண்ணணும். காலையில் போனவர்கள் ராத்திரி வரை வெளியே நின்றோம். 41 ஓட்டில் தோல்வி. கடைசி பஸ் போயிடுச்சு. ஜெயித்தால் கொடுக்கலாம் என்று வாங்கின மிட்டாய்ப் பையைத் தூக்கிக்கிட்டு நடந்தே வந்தோம். யாரும் பேசவில்லை. அக்கா மட்டும், "நாளைக்கு பால்வாடிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துடுங்க, பிசுபிசுத்துப் போயிடும்" என்றார்.

தோல்வியைப் பொறுத்துக்கிட்டோம் சகோதரிகளே. அதற்கு அடுத்த வாரம் நாங்க செய்ததைத்தான் இன்றைக்கும் சொல்லக் கூச்சமா இருக்கு.

வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். சேமிப்பு வாங்கும்போதே ஒருத்தர் ஆரம்பிச்சாங்க, "நம்ம தெரு பூத்திலேயே ஓட்டு குறைஞ்சிருக்கு, உள்ளே இருந்தே யாரோ கழுத்தறுத்துட்டாங்க" என்று. எல்லார் கண்ணும் ஒரு தங்கச்சி மேல் போய் நின்றது. அவருடைய கொழுந்தனார் எதிர்த்தரப்புக்கு வேலை செய்தவர், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அவர் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட உள்கடன் கேட்டு மனு கொடுத்திருந்தார். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று முடிவாச்சு. தீர்மானப் புத்தகத்தில் 'நிதி பற்றாக்குறை' என்று எழுதினோம். அன்றைக்குப் பெட்டியில் 14,000 ரூபாய் இருந்தது.

சமூகப்பணி படித்து, பட்டத்தைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற நாங்களும் அந்தப் பாயில்தான் உட்கார்ந்திருந்தோம். வாயைத் திறக்கவில்லை. அவர் வெளியில் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கி, கெடு தேதிக்கு முந்தின நாள் கட்டணத்தைக் கட்டினார்.

அவர் யாருக்குப் போட்டார் என்று இன்று வரை நமக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. மறைவான தட்டிக்குப் பின்னால் நின்று முத்திரை குத்தச் சொல்வது அதற்காகத்தான். வீட்டுக்காரர் கேட்டாலும் சொல்ல வேண்டாம் என்று வருஷக்கணக்காகப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த நாமே, ஒருத்தியின் மூஞ்சியைப் பார்த்து ஓட்டுக் கணக்கு போட்டோம்.

சரி, அவர் ஓட்டு வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அது ஒரு ஓட்டு. மீதி 40?

இதை அக்காதான் எங்களிடம் கேட்டார். தோற்றவரே கேட்ட பிறகுதான் நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். காலனிப் பக்கம் ஒரு தடவைகூடப் போகவில்லை. 'அவங்க எப்படியும் நமக்குத்தான்' என்று நாங்களாகவே நினைச்சுக்கிட்டோம். குழுவில் சேராத பெண்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அப்புறம் செல்லாத ஓட்டு. அது நாங்க தோற்ற 41-ஐ விட அதிகம்! வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று நாலு சீட்டை மொத்தமாகக் கையில் கொடுத்தால் வயசான அம்மாக்கள் என்ன செய்வாங்க? "ரெண்டு படத்துக்கும் நடுவுல வச்சுட்டேன் போல இருக்கு தாயி" என்று ஒரு பாட்டி பிறகு சொன்னார். கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்த நாம், ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு, முத்திரை எங்கே வைக்கணும் என்று ஒரு சாயங்காலம் காட்டியிருக்கலாம். செய்யவில்லை.

அதுக்குள்ளே ஜனவரி 26 கிராம சபை வந்தது. "அந்தம்மா தலைமையில போய் உட்காரணுமா?" என்று பாதிப் பேர் முரண்டு. 1994 ஊராட்சிகள் சட்டப்படி, ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற எல்லாரும் கிராம சபை உறுப்பினர்கள். ஜெயித்தவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் மட்டும்தான் என்று அதில் எழுதவில்லை. எங்க ஊர் மாதிரி 501-லிருந்து 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊரில் 100 பேர் வந்தால்தான் சபையே செல்லும். நாங்க வராவிட்டால் வேறு நூறு பேரை வைத்து நடக்கும். நம்ம தெருக் குழாயைப் பற்றி அங்கே யார் பேசுவா? கடைசியில் முப்பது பேர் போனோம். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்தார்.

குடிதண்ணீர் நேரத்தைக் கேட்டோம். புதுத் தலைவரின் வீட்டுக்காரர் எழுந்து பதில் சொல்ல ஆரம்பித்தார். அப்போ நம்ம அக்கா, "தலைவரம்மா சொல்லட்டும்ங்க, அவங்களைத்தானே தேர்ந்தெடுத்தோம்" என்றார். கூட்டம் அமைதியாயிடுச்சு. அந்தம்மா சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து, மெதுவான குரலில், "காலையில ஆறு மணிக்கு விடச் சொல்றேன்" என்றார். சொன்னபடி ஒரு வாரம் வந்தது. பிறகு மறுபடியும் தாமதம், மறுபடியும் மனு, அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அந்தத் தங்கச்சிக்குப் பிப்ரவரியில் கடன் கொடுத்தோம். வாங்கி வட்டிக்காரரிடம் கொடுத்தார். நாங்க மன்னிப்புக் கேட்டபோது, "பரவாயில்லைக்கா" என்றார். ஆனால் அன்றிலிருந்து கூட்டத்தில் வாசல் பக்கம்தான் உட்காருகிறார். சேமிப்பு ஒரு மாசம் தவறியதில்லை; பேச்சு மட்டும் குறைந்துபோச்சு.

அடுத்த தேர்தலில் இங்கே இருக்கிறவர்களே எதிரெதிரா நிற்கலாம். நின்றால் நல்லதுதான். சரி, மனு நோட்டை எடுங்க. மூணு மனு வந்திருக்கு. வந்த தேதி வரிசைப்படியே வாசிங்க.