இருந்தால் சேர்த்துக்கொள்!



ஒரு மென்பொருளின் சோர்ஸ் கோடை வாங்கி நாமே கம்பைல் செய்யும்போது, அதற்குப் பிற லைப்ரரிகள் தேவைப்படும். சில இல்லாவிட்டால் வேலையே நடக்காது. வேறு சில இருந்தால் சேரும். இல்லாவிட்டால் விட்டுவிட்டு மேலே போகும். இந்த இரண்டாம் வகையைப் பற்றித்தான் பேச வந்தேன். ‘ஆப்ஷனல்தானே, அதுல என்ன இருக்கு?’ என்பீர்கள். அங்கேதான் சிக்கல்.

பைத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் ஹெடர் ஃபைல்கள் இல்லாமலேயே அது கம்பைல் ஆகிவிடும். கடைசியில் சில வரி எச்சரிக்கை ஓடும், யார் படிக்கிறார்கள்? கணக்கெல்லாம் ஒழுங்காகப் போடும். பிப் மூலம் இணையத்திலிருந்து ஏதாவது இறக்கப் போனால்தான் எஸ்எஸ்எல் பகுதியே இல்லை என்று தெரியும். எஸ்க்யூலைட், ரீட்லைன் கதையும் இதேதான். காரணம் எளிது. முதலில் ஓடும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட், அந்தக் கணினியில் என்ன கிடக்கிறது என்று தேடிப் பார்த்துத் தானே முடிவெடுக்கிறது. ஒரே சோர்ஸ், இரண்டு கணினி, இரண்டு வேறு பைத்தான்!

சரி, எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால்? அதிலும் ஆபத்து உண்டு. எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு புறவாசல் ஒளித்து வைக்கப்பட்டிருந்ததை 2024 மார்ச்சில் ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமானது அவருக்கு உறுத்தியது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. ‘சேவை தொடங்கிவிட்டது’ என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் ஒரு சிறு வசதிக்காகச் சில லினக்ஸ் வெளியீடுகள் லிப்சிஸ்டம்டியைச் சேர்த்தன. அதன் பின்னாலேயே எக்ஸ்இசட் நுழைந்தது. அழைத்தது ஒருவரை, வந்தது இருவர்! 2024 ஜூலையில் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8, அந்த லைப்ரரி இல்லாமல் தானே அந்தச் சேதியை அனுப்பிவிடுகிறது.

ஆகவே தம்பி தங்கைகளே, கன்ஃபிகரின் ‘ஹெல்ப்’ பட்டியலை முதலில் படியுங்கள். வேண்டியதை ‘வித்’ என்றும், வேண்டாததை ‘வித்அவுட்’ என்றும் எழுதியே கொடுங்கள். அந்தக் கட்டளையைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆள் அதையே கம்பைல் செய்ய அது உதவும். முடிவில் எது சேர்ந்தது, எது விடுபட்டது என்று பாருங்கள். நாளை நீங்களே ஸ்கிரிப்ட் எழுதும்போது, கேட்ட லைப்ரரி கிடைக்காவிட்டால் காரணம் சொல்லி நின்றுவிடும்படி எழுதுங்கள். சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

விருப்பம் என்று பெயர் வைத்தாகிவிட்டது. அது நம்முடைய விருப்பமாகவே இருக்கட்டும்.