வாசலருகே இருக்கும் மருத்துவம்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து நம் மஹல்லாவில் குடியேறிய கூலித் தொழிலாளி ஒருவர் இரத்த அழுத்த நோயாளி. பெரிய ஆஸ்பத்திரி மாத்திரைதான் கேட்கும் என்று நம்பி, மாதந்தோறும் முதல் பேருந்தில் மதுரைக்குச் செல்வார். அன்றைய கூலியும் போகும். பேருந்துக் கட்டணமும் போகும். ஒரு கட்டத்தில் போவதையே நிறுத்திவிட்டார். தலைச்சுற்றல் என்று என்னிடம் வந்தபோது தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். "மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கவில்லை. சில வாரங்களில் பக்கவாதம் வந்து மௌத்தாகிவிட்டார். கேட்காமல் விட்ட அந்தக் கேள்வி இன்றும் என் உள்ளத்தை உறுத்துகிறது.

அதே வகை மாத்திரை நம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கக்கூடியதுதான். சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கு மேல் அரசு மருத்துவமனைகள் என்பதே நம் நாட்டின் ஏற்பாடு. நம் கரிசல் பூமியின் கண்மாய்களைப் போன்றது இது. மேல்கண்மாய் தூர்ந்து கிடந்தால் வெள்ளம் முழுவதும் கீழ்க்கண்மாய்க் கரையை உடைத்துவிடும். சிறு நிலையங்களை நாம் புறக்கணித்தால் பெரிய மருத்துவமனையில் கூட்டம் நெரியும். உயிருக்குப் போராடுபவரும் காத்துக் கிடப்பார்.

இதற்குச் சான்றும் உண்டு. 2017இல் சூளகிரி, விராலிமலை, வேப்பூர் ஆகிய மூன்று வட்டாரங்களில் துணை சுகாதார நிலையங்களுக்குக் கூடுதல் செவிலியரும் மருந்துகளும் அளித்து அரசு சோதித்துப் பார்த்தது. மக்கள் அந்த நிலையங்களை நாடினர். தனியார் மருத்துவமனைகளுக்குச் செல்வது குறைந்தது. அருகில் ஆளும் மருந்தும் இருந்தால் ஏழை வீணாக அலைய மாட்டான் என்பதே இதன் படிப்பினை. பின்னர் 5.8.2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2022இல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. பெரிய மருத்துவமனை அருகில் வந்துவிட்டது என்பதற்காக மாதாந்திர மாத்திரைக்கும் அங்கே போய் நிற்பது முறையன்று.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் அருகிலுள்ள நிலையத்தில் பரிசோதனை செய்து, பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். இரண்டாவது, அங்கே மருந்தோ ஆளோ இல்லையென்றால் முணுமுணுத்துவிட்டுத் தனியாரிடம் போகாதீர்கள். நிர்வாகத்திடம் சொல்லுங்கள், ஜமாஅத்தின் பெயரால் எழுதிக் கேட்போம். மூன்றாவது, நெஞ்சுவலி, வாய் கோணுதல், கை கால் செயலிழத்தல் என்றால் எங்கும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். பெரிய மருத்துவமனை இருப்பது அதற்காகத்தான்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இனி என்னிடம் ஓதிப் பார்க்க வருவோரிடம் முதலில் மாத்திரையைப் பற்றித்தான் கேட்பேன், பிறகே ஓதுவேன். யாரும் வருத்தப்பட வேண்டாம். வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.