மலையில் மனை வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

(மலைக்கிராம மக்களுக்கான சேவை முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலையில பத்து சென்ட் இடம் வாங்கி ஒரு வீடு கட்டணும் என்ற ஆசை இப்போது நிறைய பேருக்கு இருக்கிறது. ஏற்காடு, கொல்லிமலை, கொடைக்கானல் கீழ்மலை என்று போய்ப் பார்க்கிறார்கள். பட்டாவைக் கேட்கிறார்கள், பாதையைக் கேட்கிறார்கள், கரண்ட் கம்பம் எங்கே என்று கேட்கிறார்கள். தண்ணீர்? விற்பவர் கையை நீட்டி, "அதோ ஓடை ஓடுது பாருங்க, மலையில தண்ணிக்கா பஞ்சம்?" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும். மலையில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு அந்தப் பதில் எவ்வளவு அரைகுறை என்று தெரியும். பங்கு பிரித்து மகனுக்கு வீடு கட்டப்போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வெளியூரிலிருந்து இடம் வாங்கியவர்களும் இருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நவம்பரில் ஓடையைப் பார்த்து இடம் வாங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் எந்த ஓடையும் ஓடும். மார்ச் கடைசியில், ஏப்ரலில் போய்ப் பாருங்கள். காபித் தோட்டத்தில் பூ எடுக்க மழை வேண்டிய நேரம் அது. மழை ஏமாற்றினால் மேலே இருக்கிற தோட்டக்காரர் ஓடையில் மோட்டாரை இறக்கி ஸ்பிரிங்ளர் ஓட்டுவார். கீழே உங்கள் குழாயில் காற்றுதான் வரும். அந்த நாளில் எவ்வளவு தண்ணீர் கிடைக்கிறதோ அதுதான் உங்கள் கணக்கு.

அளக்கிறது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 20 லிட்டர் வாளி ஒன்று, கையில் கடிகாரம். ஊற்றுக் குழாயில் வாளி நிறைய 20 நிமிஷம் ஆகிறது என்று வையுங்கள். நிமிஷத்துக்கு 1 லிட்டர். கேட்கும்போது அற்பமாகத் தெரியும். ஆனால் இரவு பகலாக ஓடினால் நாளைக்கு 1,440 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். அப்படியானால் அந்தச் சின்ன ஊற்று ஆறு குடும்பத்தைத் தாங்கும். தொட்டி கட்டி இரவுத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் மட்டும்.

அடுத்து நீங்கள் கேட்க வேண்டியது: அந்த ஊற்றில் ஏற்கெனவே எத்தனை வீடு இருக்கிறது? கீழே ஆறு வீடு இருந்தால் கணக்கு அங்கேயே முடிந்துபோச்சு. ஏழாவதாக நீங்கள் வந்து, வார இறுதியில் பத்து விருந்தாளியும் வந்தால், யாரோ ஒருவர் வீட்டுக் குடம் காலியாகத்தான் இருக்கும். பெரும்பாலும் அது கடைசி வீட்டில் இருக்கிற வயசான அம்மாவின் குடம். மலையில் தண்ணீர்ச் சண்டைகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்ப்பதும் ஒரு எல்லை வரைக்கும்தான்.

இனி காகிதம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பணம் போகிற இடம் இதுதான்.

ஊற்று எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் அ-பதிவேட்டு விவரத்தையும் புலப்படத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். இ-சேவை மையத்திலும் உதவி கேட்கலாம். அந்த எண் 'ஓடைப் புறம்போக்கு' என்று இருந்தால் அது அரசு நிலம். உங்கள் வேலிக்குள்ளேயே ஓடினாலும் தடுப்புக் கட்டவோ, திருப்பிவிடவோ, தனியாகக் குழாய் போடவோ உங்களுக்கு அதிகாரம் இல்லை. அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும். காப்புக் காட்டுக்குள் இருந்தால் வனத்துறையின் அனுமதி வேண்டும். "எல்லாரும் போட்டிருக்காங்க சார்" என்பது அனுமதி ஆகாது.

ஊற்று இன்னொருவர் பட்டா நிலத்தில் இருந்தால்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் நல்ல மனுஷன், "எடுத்துக்கங்க, தண்ணிதானே" என்கிறார். நீங்களும் 300 மீட்டர் குழாய் இழுத்து வீடு கட்டிவிடுகிறீர்கள். மூன்று வருஷத்தில் அவர் தோட்டத்தை விற்றுவிடுகிறார். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, ஒருவர் வாய் வார்த்தையாகத் தந்த வெறும் இசைவு, அந்த நிலத்தை வாங்குகிறவரைக் கட்டுப்படுத்தாது. புதிய முதலாளி குழாயைப் பிடுங்கச் சொன்னால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. "இருபது வருஷமா எடுக்கிறோம், அனுபவ பாத்தியம் இருக்கே" என்று சிலர் சொல்வார்கள். 20 ஆண்டு அனுபவத்தால் உரிமை வரும் என்பது உண்மைதான், அரசு நிலம் என்றால் 30 ஆண்டு. ஆனால் அது உரிமையோடு, வெளிப்படையாக, இடைவிடாமல் அனுபவித்திருக்க வேண்டும். ஒருவர் தயவில், கேட்டு வாங்கி எடுத்த தண்ணீர் எத்தனை வருஷம் ஆனாலும் தயவுதான்.

அதனால் நீர்ப் பாத்தியத்தைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்யுங்கள். எந்தச் சர்வே எண்ணில் உள்ள ஊற்று, எவ்வளவு தண்ணீர், குழாய் எந்த வழியாக வரும், பழுது பார்க்க உள்ளே போகும் உரிமை, கோடையில் குறைந்தால் யாருக்கு எந்த நேரம், எல்லாம் அதில் வரட்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் பிற்காலத்தில் வில்லங்கச் சான்றில் தெரியும். வாய்ப்பேச்சு வில்லங்கத்தில் வராது. இதையே திருப்பியும் பாருங்கள்: நீங்கள் வாங்கும் இடத்து ஊற்றில் வேறு குடும்பங்களுக்குப் பாத்தியம் இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். கீழ் வீடுகளில் போய் ஒரு டீ குடித்துவிட்டுக் கேளுங்கள், அது இன்னும் நல்லது.

போர் போட்டுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: நம் மலைகளில் பெரும்பாலும் சார்னோகைட் போன்ற கெட்டிப் பாறை. தண்ணீர் பாறையில் இல்லை, விரிசலில் இருக்கிறது. விரிசல் கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் பணம் புழுதியாகப் போகும். கிடைத்தாலும் அது கீழே இருக்கிற ஊற்றின் நரம்பாக இருக்கக்கூடும். ஊராட்சிப் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுக்கு முன் அனுமதி கட்டாயம். நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாடு இன்னும் கடுமை. ரிக் வண்டிக்காரர் "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னால் அனுமதிக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

எனக்குக் கேட்டால், புதிதாகக் கட்டுகிறவர் முதலில் நம்ப வேண்டியது கூரையை. ஏற்காடு மாதிரி இடத்தில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. 100 சதுர மீட்டர் கூரையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,20,000 லிட்டர் கிடைக்கும். நாலு பேர் வீட்டுக்கு, முன்னே சொன்ன 220 லிட்டர் கணக்கில், ஆண்டுக்கு 80,300 லிட்டர் போதும். பிரச்சினை அளவில் இல்லை, ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுவரை உள்ள நூறு நாளில்தான். அதற்கு 22,000 லிட்டர் தொட்டி வேண்டும், சுமார் 4 மீட்டருக்கு 3 மீட்டர், 1.8 மீட்டர் ஆழம். செலவுதான். ஆனால் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதலே தமிழ்நாட்டில் கட்டாயம். சமவெளியில் குழி வெட்டி நிலத்துக்குள் விடுவோம். செங்குத்துச் சரிவில், மண் வெட்டிய இடத்துக்கு மேலே அப்படிச் செய்தால் மண் ஊறிச் சரியும். தொட்டியில் பிடியுங்கள், மிச்சத்தை மண் அரிக்காமல் வடிகால் வழியாக ஓடைக்கு விடுங்கள்.

அந்தத் தொட்டியை வீட்டுக்கு முன்னால் கட்டுங்கள். கட்டுமானத்துக்குத்தான் தண்ணீர் அதிகம் வேண்டும். ஒரு மூட்டை சிமெண்ட் கான்கிரீட்டுக்கு 25 லிட்டர்போல. அதைவிட அதிகமாகக் குடிப்பது நீராற்றல், குறைந்தது 7 நாள், பிபிசி சிமெண்ட் என்றால் 10 நாள். அந்தத் தண்ணீரை ஊர்க் குடிநீர்க் குழாயிலிருந்து எடுக்காதீர்கள். அது வீட்டு உபயோகத்துக்கு மட்டும்.

குடிப்பதற்கு முன் பரிசோதனை. ஊற்றுத் தண்ணீர் தெளிவாக இருப்பதால் சுத்தம் என்று பொருள் இல்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். 100 மில்லி தண்ணீரில் கோலிஃபார்ம் கிருமி இருக்கவே கூடாது என்பது விதி. உங்கள் கழிவறைக் குழி யாருடைய ஊற்றுக்கு மேலே வருகிறது என்பதையும் வரைபடம் போடும்போதே பாருங்கள். வீட்டு மனைக்காக ஜேசிபி வைத்துச் சரிவை வெட்டினால் கீழ் ஊற்று நின்றுபோகலாம். மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வரும் கிராமங்களில் கட்டட அனுமதிக்கு மற்ற துறைகளின் கருத்தையும் கேட்பது இதனால்தான். தாமதம் என்று சலித்துக்கொள்கிறோம், கீழ் வீட்டுக்காரராக இருந்தால் அப்படிச் சொல்ல மாட்டோம்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். ஊற்றைப் பொதுவில் பராமரிப்பது, கோடையில் முறை வைப்பது இரண்டையும் அங்கே தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். ஊராட்சியில் மனு கொடுத்தும் நடக்கவில்லை என்றால் முதல்வரின் முகவரி, 1100 என்ற எண்ணில் பதிவு செய்யலாம்.

வெளியே மேசையில் கிராம நிர்வாக அலுவலர் அ-பதிவேட்டோடு இருக்கிறார். சர்வே எண் தெரிந்தவர்கள் முதலில் அங்கே போய் வாருங்கள். மற்றவர்களின் கேள்விகளை இப்போது எடுத்துக்கொள்ளலாம்.