முதிர்ந்த விண்மீன்கள் ஆக்கிய மூலகங்கள்



ஆவர்த்தன அட்டவணையை மனனம் செய்துதான் நாங்கள் வகுப்பேறினோம். அந்த மூலகங்கள் எங்கே உண்டாயின என்று எந்த வினாத்தாளும் எங்களைக் கேட்கவில்லை.

காபன் முதல் இரும்பு வரையானவற்றை விண்மீன்கள் கரு இணைவினால் ஆக்குகின்றன. அதற்குமேல் அந்த வழி சரிவராது. நேரேற்றமுள்ள கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். இணைந்தாலும் சக்தி கிடைக்காது. நியூத்திரனுக்கோ ஏற்றமே இல்லை, தடையின்றி உள்ளே புகுந்துவிடும். சூரியனைப் போன்ற, அல்லது அதிலும் சிலமடங்கு திணிவுள்ள விண்மீன் முதுமையில் ஊதிப் பருக்கும்போது அதனுள்ளே நியூத்திரன்கள் வெளிப்படத் தொடங்கும். இரும்புக் கரு ஒன்று அவற்றில் ஒன்றைப் பிடிக்கும். அடுத்ததைப் பிடிக்கப் பல ஆண்டுகள் செல்லலாம். இதற்கிடையில் பிடித்த நியூத்திரன் புரோத்தனாக மாறினால் அடுத்த மூலகம் பிறந்துவிடும். இப்படியே ஸ்ரொன்சியம், பேரியம் என்று ஈயம்வரை போகும். மத்தாப்பின் சிவப்பும் பச்சையும் முதலிரண்டின் உபயம். (எங்கள் கழுத்திலுள்ள தங்கத்தைக் கணக்கில் சேர்க்கவேண்டாம், அதன் பெரும்பகுதி வேறுவழியில், மிக வேகமாக உண்டானது.) கடைசியில் விண்மீன் தன் புறப்படைகளை வெளியே ஊதிவிட, அந்தத் தூசும் வாயுவும் புதிய விண்மீன்களுக்கும் கோள்களுக்கும் போய்ச் சேரும்.

இதற்குச் சாட்சி என்ன? 1952இல் போல் மெரில் என்ற வானியலாளர் சில முதிர்ந்த இராட்சத விண்மீன்களின் ஒளியிலே தெக்னீசியத்தைக் கண்டார். அது கதிர்த்தொழிற்பாட்டு மூலகம். மிக நீண்டகாலம் நிலைக்கும் வடிவம்கூட சுமார் 42 இலட்சம் ஆண்டுகளில் பாதியாகிவிடும். அந்த விண்மீன்களின் வயதோ அதைவிட மிக மிக அதிகம். ஆகவே பிறக்கும்போது கொண்டுவந்த தெக்னீசியமாக அது இருக்கமுடியாது, அங்கேயே உண்டானதுதான்.

1957இல் இவை எல்லாவற்றையும் நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரே கட்டுரையில் நால்வர் தொகுத்தனர். முதற்பெயர் மார்கரெட் பேர்பிட்ஜ். 1940களில் மவுன்ட் வில்சன் வானாய்வகத்தில் பணிபுரிய அவர் விண்ணப்பித்தபோது, ஆண்களுக்கு மாத்திரமே அனுமதி என்று மறுக்கப்பட்டவர். 1955இல் கணவருக்கு அங்கே புலமைப்பரிசில் கிடைத்தது. அவர்தம் உதவியாளர் என்ற பெயரில் போய்த்தான் மார்கரெட் தொலைநோக்கியைத் தொட்டார்! 1983இல் இத்துறை ஆய்வுக்காக நோபல் பரிசு கிடைத்தது நால்வரில் வில்லியம் பௌலருக்கு மாத்திரமே.

1970களின் தொடக்கத்தில் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட விருதொன்று தேடிவந்தபோது, அப்படி ஒதுக்குவதும் பாகுபாடே என்று மார்கரெட் வாங்க மறுத்தார். பெண்கள் பாடசாலையிலே படித்து வளர்ந்த நாங்கள் அதை ஒப்புக்கொள்வோமா? தேநீர் வேளையிலே விவாதிப்போம்.