இஷாவிலிருந்தே தொடங்கும் சுப்ஹு

புகழனைத்தும் அகிலத்தாரின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் சுப்ஹுக்குப் பாங்கு ஒலித்தது; இகாமத்திற்குரிய நேரமும் வந்தது; இமாமைக் காணவில்லை. மோதினார் வந்து கதவைத் தட்டிய பின்னரே நான் விழித்தேன். உளூச் செய்துவிட்டு ஓடியபோது, பெரியவர் ஒருவர் தொழவைத்துக் கொண்டிருந்தார். நான் கடைசி ஸஃப்பில் சேர்ந்து நின்றேன். தொழுகைக்குப் பின் எவரும் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அந்த மௌனமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

முந்தைய இரவு தஹஜ்ஜுதில் நின்றதால் வந்த அயர்வன்று அது. ஒரு மணி வரை கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்திருந்ததால் வந்த அயர்வு. வெட்கத்துடன் இதைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. சுப்ஹு தவறும்போதெல்லாம் நாம் அலாரத்தைக் குறை கூறுகிறோம். குறையோ இஷாவுக்குப் பிந்திய நம் நேரத்தில் இருக்கிறது.

உறக்கம் ஓர் அத்தாட்சி

உறக்கத்தை ஓய்வாகவும், இரவை ஆடையாகவும் ஆக்கியதை அல்லாஹ் அந்நபஉ அத்தியாயத்தில் நினைவூட்டுகின்றான். அர்ரூம் அத்தியாயத்தில் உறக்கத்தைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாகவே எண்ணிக் காட்டுகின்றான். இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் இருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பதை அபூபர்ஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. அன்றைய வீண்பேச்சுக்குக் கூடியிருக்க ஒருவராவது வேண்டும். இன்று தனியாகப் படுத்திருப்பவரின் கைக்குள்ளேயே அது வந்துவிட்டது.

உடலின் கடிகாரம்

நம் உடலுக்குள் இரவு பகலை அறியும் ஒரு கடிகாரத்தை அல்லாஹ் அமைத்திருக்கின்றான். அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இருள் சூழும்போது உறக்கத்திற்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் உடலில் சுரக்கிறது. கண்முன் ஒளிரும் திரை அதனைத் தாமதப்படுத்துகிறது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள கஃபீனில் ஏறத்தாழப் பாதி, அருந்தி ஐந்து மணி நேரம் கழிந்த பின்னரும் உடலில் எஞ்சியிருக்கும்.

வளர்ந்தவர்களுக்கு இரவில் 7 மணி நேர உறக்கமேனும் தேவை என்பர் மருத்துவர்கள். அப்படியாயின் 5 மணிக்கு எழுபவர் 10 மணிக்கே உறங்கியிருக்க வேண்டுமல்லவா?

நாம் செய்ய வேண்டியவை

எழும் நேரத்தை நிலைப்படுத்துங்கள். உறங்கும் நேரம் தானே ஒழுங்குக்கு வரும். தொழுகையாளிக்கு அந்த நேரத்தைச் சுப்ஹே அளித்துவிடுகிறது. விடுமுறை நாளிலும் அதை மாற்றாதீர்கள். அஸருக்குப் பின் காப்பி, தேநீரைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். இரவு உணவை இலேசாக, நேரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். படுக்கைக்குச் செல்லுமுன் உளூச் செய்து, விரிப்பை உதறி, வலப்பக்கமாகச் சாய்ந்து, துஆ ஓதுவது ஸுன்னத். இருபது நிமிடங்களாகியும் உறக்கம் வரவில்லையெனில் புரண்டு கொண்டிராமல் எழுந்து, மங்கிய ஒளியில் திக்ரு செய்துவிட்டு மீண்டும் படுங்கள். பகலில் கைலூலா உறக்கம் அரை மணியைத் தாண்ட வேண்டாம். உரத்த குறட்டையும் உறக்கத்தில் மூச்சுத் திணறலும் உள்ளவர்கள் மருத்துவரை நாடுவது அவசியம்.

இரவெல்லாம் வணங்க விரும்பிய அபுத்தர்தா (ரலி) அவர்களை, முதலில் உறங்குமாறு ஸல்மான் (ரலி) அவர்கள் தடுத்தார்கள். இரவின் கடைசிப் பகுதியில் இருவரும் சேர்ந்து எழுந்து தொழுதார்கள். உடலுக்கும் குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு என்ற ஸல்மானின் கூற்றை நபி (ஸல்) அவர்கள் உண்மைப்படுத்தினார்கள். வணக்கத்திற்காகக்கூட முழு இரவையும் விழித்துக் கழிக்க வேண்டாம் எனத் தடுக்கப்பட்டிருக்க, வீண் பொழுதுபோக்கிற்காக அதனைத் தொலைப்பது எவ்வாறு தகும்?

இப்போது இஷாவுக்குப் பின் என் கைப்பேசியைக் கூடத்து அலமாரியில் வைத்துவிடுகிறேன். எழுப்புவதற்கு ஒரு சிறு கடிகாரம் வாங்கியுள்ளேன். இன்றிரவே நீங்களும் தொடங்குங்கள்.

நம் இரவுகளை அமைதியாகவும், சுப்ஹுகளை ஜமாஅத்துடனும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.